முள் ஏழு டிகிரி ஏறினால்

வெப்பமானியின் முள் எப்போதும் 80 டிகிரியில் நிற்கும் ஒரு விசைப்படகில், அதே வேகம், அதே சுமை, ஆனால் இன்று முள் 87-ல் நிற்கிறது. அபாயமணி அடிக்கவில்லை, அது இன்னும் மேலே போனால்தான் அடிக்கும். புகை மாறவில்லை, சத்தமும் மாறவில்லை. கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டு போகத் தோன்றும். ஆனால் அந்த ஏழு டிகிரி அலட்சியம் செய்யக்கூடியதல்ல. ஏன் என்று புரிய, தண்ணீர் போகும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீசலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல இன்ஜினாக இருந்தால் அதற்குச் சற்று மேல், புரொப்பல்லரைச் சுழற்றப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். ஒரு பகுதி புகையோடு வெளியேறும். இன்னொரு பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். லாரிக்கு எதிர்க்காற்று உண்டு. படகின் இன்ஜினோ மூடிய அறைக்குள் கிடக்கிறது. அது தன் சூட்டைக் கடலிடம்தான் கொடுக்க முடியும். உப்புநீரை நேரே இன்ஜினுக்குள் விட்டால் அரிப்பும் உப்புப் படிவும் சேரும். அதனால் பெரும்பாலான இன்ஜின்களில் இரண்டு தண்ணீர்ச் சுற்றுகள். உள்ளே கூலன்ட் கலந்த நன்னீர் திரும்பத் திரும்பச் சுற்றும். கடல்நீர் படகின் அடியில் ஏறி, தன் வேலையை முடித்துக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியே கொட்டும். இரண்டும் சந்திக்கும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். மெல்லிய உலோகக் குழாய்களை அடுக்கிவைத்த உருளை அது. குழாய்க்குள் கடல்நீர், குழாயைச் சுற்றிக் கூலன்ட். கலக்காமலே சூடு மட்டும் கைமாறும்.

இந்த அமைப்பின் நடுவே தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதற்குள் உள்ள மெழுகு சூடானால் விரிந்து வால்வைத் திறக்கும், குளிர்ந்தால் மூடும். இன்ஜின் சூட்டை ஒரே அளவில் நிறுத்துவது இதுதான். ஆனால் ஒரு குறையை நம் கண்ணிலிருந்து மறைப்பதும் இதுதான். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் மாதக்கணக்கில் படிவு சேர்ந்துகொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் இன்னும் கொஞ்சம் திறந்து அதைச் சரிக்கட்டிவிடும். முள் அசையாது. ஒருநாள் வால்வு முழுவதும் திறந்துவிடுகிறது. இனித் திறக்க இடமில்லை. அதற்குப் பிறகுதான் முள் ஏறத் தொடங்குகிறது. ஆக, அந்த ஏழு டிகிரி பெரும்பாலும் இன்றைக்கு வந்த கோளாறு அல்ல. கையிருப்பு தீர்ந்துவிட்டது என்ற செய்தி.

கடலும் இந்தக் கையிருப்பைக் குறைக்கும். கப்பல் இயந்திரங்களுக்கான வெப்பமண்டல அளவாக உலகத் தர நிர்ணய அமைப்புகள் வைத்திருப்பது கடல்நீர் 32 டிகிரி. கோடையில் பாக் நீரிணை அதை நெருங்கிவிடும். மார்கழியில் நன்றாக ஓடிய இன்ஜின் கோடையில் சூடாவதில் வியப்பில்லை. ஆனால் வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் கோடையையும் தாங்க வேண்டும்.

சூடு எப்போது ஏறுகிறது என்பதே முதல் துப்பு. மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, முழு வேகத்தில் மட்டும் ஏறினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைப்பையோ அதிகச் சுமையையோ சந்தேகிக்கலாம். கிளப்பிய சில நிமிடங்களிலேயே விறுவிறுவென்று ஏறினால் கடல்நீர் வராமலே இருக்கலாம். முள் ஏறி இறங்கி ஆடினால் கூலன்ட் குறைந்திருக்கும், அல்லது உள்ளே காற்று பிடித்திருக்கும்.

அடுத்து பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வழக்கம்போல் கொட்டுகிறதா? குறைந்து, நீராவி எழும்பினால் கோளாறு கடல்நீர்ப் பாதையில். படகின் அடியில் உள்ள துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் பையோ ஜெல்லி மீனோ மூடியிருக்கலாம். ஃபில்டரில் பாசி அடைத்திருக்கலாம். ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் தண்ணீர் ஒழுகாது. மாறாக பம்பு அந்த வழியே காற்றை உறிஞ்சும். வெளியே சொட்டு ஈரம்கூட இல்லாததால் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

பம்புக்குள் இருப்பது இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம். ஓடும் தண்ணீரே அதற்கு உயவும் குளிர்ச்சியும். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே அதன் இறகுகள் கருகி ஒடியும். புதிய இம்பெல்லர் போட்டவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் பலர். ஒடிந்த துண்டுகள் எங்கே? அவை தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கிக் கிடக்கும். பழைய சக்கரத்தில் எத்தனை இறகு காணோமோ அத்தனையையும் தேடி எடுத்தாக வேண்டும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள வைத்த துத்தநாகக் கட்டியும் தேய்ந்து உடைந்து அதே இடத்தில்தான் விழுகிறது.

கடல்நீர் தாராளமாக வந்தும் சூடு குறையவில்லை என்றால், சுமையைப் பார்க்க வேண்டும். படகின் அடியில் கொட்டலசு மண்டியிருக்கலாம். புரொப்பல்லரில் வலைத்துண்டு சுற்றியிருக்கலாம். புரொப்பல்லர் கேட்கும் சக்தி அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: வேகம் பத்து சதவீதம் கூடினால் சக்தி முப்பது சதவீதத்துக்கு மேல் கூடும். திணறும் இன்ஜின் கரும்புகை கக்கும், சுழற்சியும் வழக்கமான உச்சத்தைத் தொடாது. இதற்கு இன்ஜினைக் கழற்றுவதில் பயனில்லை. படகின் அடியைச் சுரண்ட வேண்டும்.

உள்சுற்றில் பார்க்க வேண்டியவை கூலன்ட் அளவு, பெல்ட்டின் இறுக்கம், அழுத்த மூடி ஆகியவை. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போனதும் உள்ளே இருப்பது அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீய்ச்சும். ஆறிய பின் திறந்து வைத்து இன்ஜினைக் கிளப்பும்போது விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். இன்னொன்று: கூலன்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்காது. அப்போது முள் குறைவாகக்கூடக் காட்டும். முள் திடீரென்று இறங்குவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சூடு குறையவில்லை என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கம் உண்டு. பல இன்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும். முழுச் சுமையில் சூடு இன்னும் ஏறும். குறைந்த சுமையில் இன்ஜின் குளிர்ந்தே கிடந்து டீசல் சரியாக எரியாது, சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகள் கரையேறி மராமத்துப் பார்க்கப்படும் காலம் அது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இருமுனை மூடிகளையும் கழற்றிக் குழாய்களைச் சுத்தம் செய்யவும், இம்பெல்லரையும் துத்தநாகத்தையும் மாற்றவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது. தடை முடிந்து முதல்முறை கடலுக்குப் போகும்போது, மெதுவாக, நடு வேகத்தில், முழு வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதைக் கடல்நீரின் சூட்டோடு சேர்த்து வீல்ஹவுஸ் சுவரிலேயே எழுதிவைக்கலாம். அடுத்த தடவை 87 வந்தால் ஒப்பிட ஓர் எண் இருக்கும்.