ஒரே இடத்துக்கான காத்திருப்பு: ஜோ பரோவின் கல்லூரிக் கால்பந்து வாழ்க்கை

அமெரிக்கக் கால்பந்து, பெயரில் கால் இருந்தாலும், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் முன்னோக்கி எறிந்தும் 100 கெஜக் களத்தின் மறுகோடிக்குக் கொண்டு சேர்க்கும் ஆட்டமாகும். அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர்; பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேறியாக வேண்டும், தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த முயற்சிகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் பந்தை முதலில் பெறுபவர் குவாட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரர். எதிரணியின் தடுப்பு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பந்து கைக்கு வருமுன்பே படித்து, வந்தபின் சுமார் மூன்று நொடிகளுக்குள் யாருக்கு எறிவது, எறிவதா ஓடுவதா என்று முடிவு செய்யும் பொறுப்பு அவருடையது.

மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் பயிற்சியாளர்கள் இந்த இடத்தில் மட்டும் ஒருவரையே நம்பி இருப்பதால், இரண்டாம் நிலையில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். கல்லூரி விளையாட்டைக் கட்டுப்படுத்தும் தேசிய அமைப்பின் விதிப்படி ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். எஞ்சும் ஓராண்டை ஆடாமல் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துவதை ரெட்ஷர்ட் என்பர். ஆகவே கல்லூரி குவாட்டர்பேக் ஒருவரின் வாழ்க்கையைத் தோள் வலிமையோடு இந்த நாட்காட்டியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதை ஜோ பரோ அளவுக்குத் தெளிவாகக் காட்டுபவர் வேறெவரும் இல்லை எனலாம்.

1996-இல் பிறந்த பரோ, ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள ஏதென்ஸ் பகுதியில் வளர்ந்தார். தந்தை ஜிம்மி பரோ அங்குள்ள ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தார். எதிரணி எப்படிச் சிந்திக்கும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். 2014-இல் மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரராகத் தேர்வு பெற்று, 2015-இல் கொலம்பஸ் நகரிலுள்ள புகழ்பெற்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டு ரெட்ஷர்ட், இரண்டாம் ஆண்டு ஜே. டி. பேரட்டுக்கு மாற்று ஆள். 2017 பருவம் தொடங்கவிருந்த வேளையில் எறியும் கையில் எலும்பு முறிந்ததால், இரண்டாம் இடம் டுவைன் ஹாஸ்கின்ஸுக்குப் போயிற்று. அவ்வாண்டு இறுதியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பேரட் காயமுற, களமிறங்கி அணியை வெற்றிக்கு இட்டுச் சென்றவர் ஹாஸ்கின்ஸ். கை முறியாதிருந்தால் அந்த வாய்ப்பு பரோவுக்கே வந்திருக்கக்கூடும். மூன்றாண்டுகளில் அவர் எறிந்த பந்துகள் மொத்தம் 39 மட்டுமே. இதில் பயிற்சியாளர் அர்பன் மேயரைக் குறை சொல்வதற்கில்லை; 2018-இல் ஹாஸ்கின்ஸ் எறிந்தே 50 டச்டவுன்களை, அதாவது பந்தை மறுகோடியில் சேர்த்துப் பெறும் வெற்றிகளை, பெற்றுத் தந்தார். இரு தகுதியாளர்களுக்கு ஒரே இடம் இருந்தது என்பதே உண்மை.

இந்நிலையில் பரோவுக்குக் கைகொடுத்தது படிப்பு. அன்றைய விதிப்படி பட்டம் பெறாமல் வேறு கல்லூரிக்கு மாறும் கால்பந்து மாணவர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும்; பட்டதாரிக்கோ அந்தத் தடை இல்லை. குடும்ப நிதி மேலாண்மை சார்ந்த பட்டப்படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்திருந்த பரோ, 2018 மே மாதத்தில் பேட்டன் ரூஜ் நகரிலுள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, இரண்டு முழுப் பருவங்கள் கையிலிருக்க மாறினார். விளையாட்டு மாணவரின் பட்டத்தைப் பெயரளவுச் சடங்காகக் கருதுவோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: பட்டம் ஓராண்டு தள்ளிப்போயிருந்தால் பின்னர் நிகழ்ந்தவற்றில் பெரும்பகுதி நிகழ்ந்திராது.

முதல் பருவம் சுமாராகவே அமைந்தது. அணி 10 ஆட்டங்களில் வென்றது, பரோ 16 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்தார், எறிந்தவற்றில் கைசேர்ந்தவை 57.8 விழுக்காடு. 2019 தொடக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஷரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த 29 வயது ஜோ பிரேடியை அழைத்துவந்தார். அவரும் ஆட்ட ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் கொணர்ந்த முறையில், குவாட்டர்பேக்குக்குக் காவலாக வரிசையில் நிற்கும் ஐவரை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற ஐவரையும் பந்து பிடிக்கக் களமெங்கும் பரப்பி அனுப்புவதுண்டு. எதிரணி ஆறு பேரை ஏவினால் ஒருவர் தடையின்றிப் பாய்ந்து வருவார். ஆனால் பின்னால் ஐவருக்கு ஐவர்தான் காவல், அவர்களுக்குப் பின்னே துணைக்கு எவரும் இல்லை. பாய்ந்து வருபவர் தன்மீது மோதும் கணத்துக்கு முன் தனித்திருக்கும் கூட்டாளியைக் கண்டுபிடிக்கும் நிதானம் குவாட்டர்பேக்குக்கு இருந்தால் இம்முறை எதிரணியைச் சிதைக்கும், இல்லையெனில் தன் அணியையே சிதைத்துவிடும். பரோவுக்கு அந்த நிதானம் மிகுதியாக இருந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 7 அன்று ஆஸ்டின் நகரில் டெக்சஸ் அணிக்கு எதிராக அது வெளிப்பட்டது. இறுதி மூன்று நிமிடங்களுக்குள், 37-31 என முன்னிலையில் இருந்தபோது, மூன்றாம் முயற்சியில் 17 கெஜம் தேவைப்பட்டது. இத்தகைய கட்டத்தில் பல அணிகள் பந்தை ஏந்தி ஓடிக் கடிகாரத்தைக் கரைக்கவே பார்க்கும். டெக்சஸ் கூடுதல் ஆட்களை ஏவி நெருக்க, பரோ பின்வாங்காமல் இடைவெளிக்குள் முன்னேறி, ஜஸ்டின் ஜெபர்சனுக்கு எறிந்தார். அது 61 கெஜ டச்டவுனாக முடிந்தது. ஆட்டம் 45-38 என லூசியானா வசமாயிற்று.

அதன்பின் அவ்வணி ஒரு தோல்வியும் காணவில்லை. தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியில் ஒக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே பரோ ஏழு டச்டவுன்களுக்கு எறிந்தார். 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனை 42-25 என வென்று 15 ஆட்டங்களிலும் வெற்றியோடு தேசியப் பட்டம் வென்றனர். பருவத்தில் 60 டச்டவுன்கள், 5,671 கெஜம், 76.3 விழுக்காட்டுத் துல்லியம். டச்டவுன் எண்ணிக்கை அன்றைய சாதனை. இந்தப் பாய்ச்சலைப் பிரேடி ஒருவரின் வித்தையாகக் காண்பது பொருந்தாது; ஜெபர்சன், ஜமார் சேஸ் போன்ற பிடிப்பாளர்களும் உறுதியான காவல் வரிசையும் இல்லாமல் அந்த முறை நின்றிருக்காது.

கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன், வரலாறு காணாத வாக்கு வேறுபாட்டில் பரோவுக்குக் கிடைத்தது. 2019 டிசம்பர் 14 அன்று ஏற்புரையில் அவர் கண்ணீரோடு பேசியது, சொந்த ஏதென்ஸ் பகுதியில் இரவுணவு இல்லாமல் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றி. அவ்வட்டாரத்து உணவு வங்கிக்குச் சில நாட்களிலேயே நான்கு இலட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது. ஒரு மாணவர் பெற்ற புகழ் இதைவிட நல்ல வழியில் செலவாகியிருக்க முடியாது. அதே புகழிலிருந்து அவர் விளம்பர வருமானம் பெற அன்றைய விதிகள் இடம் தரவில்லை. 2020 ஏப்ரலில் தொழில்முறைத் தேர்வில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தபின்னரே பணம் வந்தது.

2021-இல் இரு விதிகளும் தளர்ந்தன. மாணவர் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்டவும், பட்டம் பெறாமலே ஒருமுறை கல்லூரி மாறி உடனே ஆடவும் அவ்வாண்டு இடம் கிடைத்தது. இரண்டாம் நிலை குவாட்டர்பேக் மூன்றாண்டு காத்திருப்பது அரிதாகிவிட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2022-இல் அதே பேட்டன் ரூஜுக்கு மாறிவந்த ஜெய்டன் டேனியல்ஸ், மறு ஆண்டே ஹைஸ்மன் விருதை வென்றார்.