இருபது மீட்டரும் ஐந்து மீட்டரும்

600 மி.மீ. குவியத்தூரமும் எஃப்/4 திறப்பும் உள்ள ஒரு லென்ஸின் விலை இன்று 10 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. எடை ஏறத்தாழ 3 கிலோ. 300 மி.மீ. வரை நீளும் சாதாரண ஜூம் லென்ஸ் 50,000 ரூபாய்க்குள் கிடைக்கும். எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. விலையில் 20 மடங்கு வித்தியாசம். கோவில்பட்டிப் பக்கம் பறவைப் படம் எடுக்க ஆசைப்படுபவரைத் தயங்க வைப்பது பெரும்பாலும் இந்த 20 மடங்குதான்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பஞ்சுருட்டான் வால்கம்பியையும் சேர்த்துச் சுமார் 20 செ.மீ. நீளம். 20 மீட்டர் தள்ளி நின்று 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால், கேமராவின் 36 மி.மீ. அகல உணரியில் அது 3 மி.மீ. இடம் பிடிக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில், அதாவது அகலத்துக்கு 6,000 புள்ளிகளில், பறவைக்குக் கிடைப்பது 500. அதே இடத்தில் 600 மி.மீ. லென்ஸ் 1,000 புள்ளிகள் தரும். சிறிய லென்ஸோடு 10 மீட்டருக்கு வந்தாலும் அதே 1,000தான். 5 மீட்டருக்கு வந்துவிட்டால் 2,000. பரப்பில் பார்த்தால் தொடக்கத்தைப் போல் 16 மடங்கு. 20 மடங்குப் பணம் நீளத்தில் 2 மடங்கு தருகிறது. 15 மீட்டர் நெருக்கம் 4 மடங்கு தருகிறது.

அந்த 15 மீட்டரை நடந்து கடக்க முடியாது, பறவை பறந்துவிடும். உட்கார்ந்துதான் கடக்க வேண்டும். பஞ்சுருட்டான் தான் உட்கார்ந்த கம்பியிலிருந்து பறந்துபோய்த் தேனீயைப் பிடிக்கும். பெரும்பாலும் புறப்பட்ட கம்பிக்கே திரும்பிவரும். தேனீயைக் கம்பியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிய பிறகே விழுங்கும். உளுந்துக் காட்டு வேலி ஓரம் அசையாமல் இருப்பவருக்கு இது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும். நிறுத்திய பைக்கின் மறைவு இன்னும் நல்லது. நிற்கும் வண்டியைப் பொறுத்துக்கொள்ளும் பனங்காடை, நடந்து வரும் ஆளைப் பொறுப்பதில்லை.

கரிசலில் நெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கறுத்த மண் வெயிலை வேகமாக வாங்கும். தரையையொட்டிய காற்று நடுங்கத் தொடங்கும். தை மாதத்தில் சூரியன் ஏறத்தாழ 6.35க்கு எழுகிறது. 9 மணிக்கு மேல் 50 மீட்டர் தொலைவில் தரையில் நிற்கும் கௌதாரியின் இறகுக்கோடுகள் கலங்கிவிடும். நீண்ட லென்ஸ் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. காலையில் இரண்டரை மணி நேரம், மாலை 4 முதல் 6 வரை இரண்டு மணி நேரம்: பகலின் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரத்தில் உருப்படியானது நாலரை, சுமார் 39 சதவீதம்.

இந்தத் தொழிலின் சாரம் எனக்குத் தெரிவது அடுத்த கணக்கில்தான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பூனைப்பருந்து கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் அது 40 மி.மீ. நகர்ந்திருக்கும், 2,000இல் ஒரு பங்கு என்றால் 5 மி.மீ. இந்த ஷட்டர் வேகத்தில் 40 படம் எடுத்தாலும் ஷட்டர் திறந்திருந்த மொத்த நேரம் 0.02 நொடி. 2 மணி நேரம், அதாவது 7,200 நொடி உட்கார்ந்தவருக்கு இது 3,60,000இல் 1 பங்கு. மிச்சம் முழுவதும் பார்ப்பதுதான். பறவை எந்தப் பக்கம் தலை திருப்பும், காற்று எங்கிருந்து வருகிறது என்று மனம் ஒரே இடத்தில் நிற்கும் நேரம்.

திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்ப் படம் எடுத்தவர். உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தன் கேமராவைத் தானே உருவாக்கிக்கொண்டவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதினார். ஃபிலிம் காலத்தில் ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 36 படம்தான். இன்றைய கேமரா நொடிக்கு 20 படம் எடுத்தால் அந்தச் சுருள் 1.8 நொடியில் தீரும். ஒரு நிமிடம் விடாமல் அழுத்தினால் 1,200 படம். ஒவ்வொன்றும் 25 மெகாபைட் என்றால் 30 ஜிகாபைட். அத்தனையையும் பார்த்துக் கழிக்க, படத்துக்கு 3 நொடி வீதம், 1 மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணியை வயல்வெளியிலேயே செலவிடலாம்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. வல்லநாடு வெளிமான் சரணாலயம் 16.41 சதுர கி.மீ.; 4,600 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் அது 0.4 சதவீதத்துக்கும் குறைவு. பனங்காடையும் கரிச்சானும் வானம்பாடியும் நுழைவுச்சீட்டு இல்லாத மீதி நிலத்திலும் இருக்கின்றன.

கூடு கட்டும் காலத்துக்கு மட்டும் கணக்கு மாறும். மாசி பங்குனியிலிருந்து பஞ்சுருட்டான் ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டுகிறது. 5 மீட்டரில் ஆள் இருந்தால் இரையோடு வந்த தாய் வளைக்குள் நுழையாது; குஞ்சு பட்டினி கிடக்கும். அங்கே 20 மீட்டரிலேயே நிற்க வேண்டும். அந்த 500 புள்ளிகளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் பறவை 4.2 செ.மீ. வரும். குஞ்சு பறக்கும்வரை அந்த அளவுப் படமே போதும்.