உங்களுக்குத் தெரியுமா? பிரவுசர் சொல்லாத பிழையை வேலிடேட்டர் சொல்லும்

ஹெச்டிஎம்எல்லில் பிழை இருந்தாலும் பிரவுசர் வாய் திறக்காது; தானே ஒப்பேற்றிப் பக்கத்தைக் காட்டிவிடும். ஒரே ஐடியை இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்தாலும் பக்கம் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால், ஜாவாஸ்கிரிப்ட் அந்த ஐடியைத் தேடினால் முதல் பெட்டி மட்டுமே சிக்கும். இத்தகைய பிழையை வரி எண்ணோடு காட்டிக்கொடுப்பது டபிள்யூ3சி அமைப்பின் இலவச வேலிடேட்டர். ‘பக்கம்தான் சரியாகத் தெரிகிறதே, எதற்கு இது?’ என்று கேட்கலாம். படத்துக்கு ஆல்ட் விளக்கம் விடுபட்டாலும் பக்கம் சரியாகத்தான் தெரியும். ஸ்கிரீன் ரீடரை நம்பியிருப்பவருக்கோ அந்தப் படம் என்னவென்றே புரியாது. பிழைப் பட்டியல் நீளமாக வந்தால் மிரள வேண்டாம்: மூடாமல் விட்ட ஒரே டேக் பல பிழைகளாகப் பெருகியிருக்கலாம். மேலிருந்து ஒன்றைத் திருத்தி மறுபடி சோதியுங்கள். வேலிடேட்டர் இலக்கணத்தைத்தான் பார்க்கும், பக்கத்தின் தரத்தை அல்ல. கற்பவருக்கு முதலில் கைவர வேண்டியதும் இலக்கணம்தானே!