பின்சில்லின் முறையீடு

மாணாக்கர் செய்யுளிற் தளை தட்டினால் உடனே உணரும் என் செவி, என் காரின் பின்சில்லு எழுப்பிய இரைச்சலை ஒரு திங்களாகப் புறக்கணித்தது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் இனத்தது அக்கார். வேகம் மிக ஒலியும் மிகுந்தது. முதுமையின் முனகலென எண்ணினேன்.

கராஜிற் கழற்றியபோது உண்மை தெரிந்தது. பெயாரிங் தேய்ந்திருந்தது, கசிந்த அச்செண்ணெய் பிறேக்கை நனைத்திருந்தது. நாள்தோறும் மகளை அக்காரிலன்றோ பள்ளிக்கு ஏற்றிச்சென்றேன்!

"பெயாரிங் மட்டும் மாத்தினாப் போதாது, ஐயா, ஒயில் சீலையும், ரெண்டு பக்கத்துப் பிறேக் சூவையும் மாத்தவேணும்" என்றார் மெக்கானிக். புதிய பெயாரிங்கின் உள்வளையத்திற் படாது, வெளிவளையத்தைச் சுற்றிச் சீராகத் தட்டிப் பொருத்தினார்.

அன்றுதொட்டுக் காரோட்டும்போதும் தளை கேட்கின்றேன்.