பழைய மோட்டார் வண்டியும் பாக இலக்கமும்

திருகோணமலைத் துறைமுக நகரின் உவர்மலைச் சரிவில் பழைய மொறிஸ் மைனர் வண்டியொன்றில் இறங்குபவருக்கு அதன் பிறேக்கே உயிர்க்காவல். ஆயினும், உதிரிப்பாகம் வரவழைப்போர் சிலர் வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி அமைந்துவிடுகின்றனர். அது போதாது.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவான இவ்வண்டி, தோற்றத்திற் பெரிதும் மாறாதிருந்தும் உள்ளே பன்முறை மாறியது. முதலில் 918 கன சென்ரிமீற்றராயிருந்த எஞ்சின் 1952இல் 803 ஆகவும், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் மாறிற்று. இறுதி மாற்றத்தோடு முன்சில்லுப் பிறேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாயிற்று.

முந்திய வண்டியிற் பிந்திய எஞ்சின் பூட்டப்பட்டிருத்தலும் உண்டு. அப்பொழுது எஞ்சின் இலக்கத்தை நம்பிப் பிறேக் சூ வரவழைத்தால், அது சிறிய டிரம்மினுள் அடங்காது. பணமும் காத்திருப்பும் வீணாகும். ஆதலின், எஞ்சினுக்குரியவற்றை எஞ்சின் இலக்கத்தைக் கொண்டும், ஏனையவற்றைச் செசி இலக்கத்தைக் கொண்டும் உற்பத்தியாளரின் பாகப் பட்டியலிற் தேடல் வேண்டும். பிறேக்கும் இடையில் மாற்றப்பட்டிருக்கலாமாதலால், டிரம்மைக் கழற்றி அளந்து பார்த்தலே உறுதியான வழி. புதியது வந்து பொருந்தும்வரை பழைய பாகத்தை எறிந்துவிடலாகாது.