குழந்தையின் தட்டைத் தொடாத சிக்கனம்

பெங்களூரின் கிழக்குப் பக்கம் தொம்மலூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம். அங்கே பழமையான சொக்கநாத சுவாமி கோயில் உள்ளது. அந்தக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தமிழில் எழுதி வைத்தார்கள்.

இன்று தொம்மலூரைச் சுற்றிப் பெரிய சாலைகள். உயரமான அலுவலகங்கள். இவற்றுக்கு நடுவே சின்னச் சின்னச் சந்துகளும் உண்டு. ஒற்றை அறை வீடுகளும் உண்டு. கட்டட வேலை செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். அப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். மூத்தவளுக்கு நான்கு வயது. இளையவனுக்கு ஒரு வயது. மழைக் காலம் வந்தால் அப்பாவுக்கு வேலை குறையும்.

கையில் பணம் குறைந்தால் வீட்டில் முதலில் எது குறைகிறது? அரை லிட்டர் பால் கால் லிட்டர் ஆகிறது. முட்டை நின்று போகிறது. பருப்புக் குழம்பு தண்ணீராகிறது. ஆனால் வட்டி குறைவதில்லை. பீடி குறைவதில்லை. கடை டீ குறைவதில்லை.

இதைச் சிக்கனம் என்று சொல்லலாமா?

எங்கே குறைக்கக் கூடாது?

பிறந்தது முதல் இரண்டு, மூன்று வயது வரை குழந்தையின் மூளை மிக வேகமாக வளர்கிறது. எலும்பும் வளர்கிறது. அந்த வயதில் சத்து குறைந்தால் குழந்தையின் உயரம் குறையும். படிப்பில் கவனம் குறையும். அடிக்கடி நோய் வரும். பிறகு கையில் பணம் வந்தாலும் இழந்த வளர்ச்சியைத் திரும்பப் பெறுவது கடினம்.

பெரியவர்கள் புதுச் சட்டையைத் தள்ளிப் போடலாம். குழந்தையின் வளர்ச்சியைத் தள்ளிப் போட முடியாது. எனவே சிக்கனத்தைக் குழந்தையின் தட்டில் தொடங்கக் கூடாது.

விலை குறைவு, சத்து நிறைவு

நல்ல உணவு என்றால் விலை உயர்ந்த உணவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். டப்பாப் பாலுக்குப் பணம் வேண்டும். புட்டியைக் கொதிக்க வைக்க வேண்டும். தாய்ப்பாலுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த சாதம், பருப்பு, கீரை, முட்டை என்று சேர்க்க வேண்டும். இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரலாம்.

கர்நாடகம் ராகிக்குப் பெயர் பெற்றது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. எலும்புக்கும் பல்லுக்கும் சுண்ணாம்புச் சத்து தேவை. ராகிக் கூழ், களி, அடை எது செய்தாலும் நல்லது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முருங்கைக் கீரை இவையும் நம் கைக்கு எட்டுபவை. அவரைக்காய்ப் பருவத்தில் அவரைக்காய் வாங்கலாம். அந்தந்தப் பருவத்தில் விளைவது மலிவாகக் கிடைக்கும்.

காலையில் குழந்தைக்கு டீயும் பன்னும் கொடுத்து விட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. டீ வயிற்றை நிரப்பும். ஆனால் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். சின்னக் குழந்தைக்கு டீ வேண்டாம்.

ஐந்து ரூபாய்ப் பாக்கெட்

குழந்தை அழுகிறது. உடனே ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்று வாங்கித் தருகிறோம். ஐந்து ரூபாய்தானே என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய்.
ஒரு மாதத்துக்கு 300 ரூபாய்.
ஓர் ஆண்டுக்கு 3,600 ரூபாய்.

ஒரு முட்டை 7 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 300 ரூபாய்க்கு 42 முட்டை வரும். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் உப்பு, எண்ணெய், மாவு. முட்டையில் இருப்பது உடம்பை வளர்க்கும் சத்து. செலவு ஒன்றுதான். பலன்தான் வேறு.

வட்டி என்னும் ஓட்டை

ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. பல வீடுகளில் அந்த ஓட்டை வட்டிதான்.

வாடகைக்கு வீடு பிடிக்க முன்பணம் வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரில் நெடுநாள் வழக்கம். ஏழைக் குடும்பம் அதற்கு எங்கே போகும்? கடன் வாங்குகிறது.

நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 1,000 ரூபாய். ஓர் ஆண்டில் 12,000 ரூபாய் வட்டி கட்டி விடுகிறோம். வாங்கிய பணத்தை விட அதிகமாகக் கட்டி விட்டோம். ஆனாலும் அசல் 10,000 அப்படியே நிற்கிறது.

அதே பணத்தைப் பெண்கள் சுய உதவிக் குழுவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால்? மாதம் 200 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 2,400 ரூபாய். மிச்சம் 9,600 ரூபாய்.

நோய்க்கு முன்னால் சோப்பு

ஒரு முறை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும்? மருந்துச் செலவு வரும். அம்மாவின் கூலியும் போகும். எனவே சோப்பு வாங்குவதும் சிக்கனம்தான். கழிப்பறை போய் வந்த பிறகும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில் உடம்பின் நீரும் உப்பும் வெளியே போகின்றன. அதனால்தான் உயிருக்கு ஆபத்து வருகிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். வங்காளத்தில் பொங்காவ் என்ற ஊர் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் மருந்து போதவில்லை. அப்போது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஏராளமான உயிர்கள் பிழைத்தன. இன்று உலகம் முழுவதும் இந்த முறை பயன்படுகிறது.

உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டு அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவசரத்தில் அது இல்லை என்றால் வீட்டிலேயே கலக்கலாம்.

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர்.
சர்க்கரை 6 தேக்கரண்டி, தலை தட்டி.
உப்பு அரைத் தேக்கரண்டி, தலை தட்டி.

அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், கண் குழி விழுந்தாலும், எதையும் குடிக்க முடியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது செலவைப் பார்த்துத் தயங்கக் கூடாது.

நமக்கு உரியதைக் கேட்டு வாங்குவோம்

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. கர்நாடகத்தில் முதலில் டி.நரசிபுரத்தில் வந்தது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் அங்கே பயன் பெறலாம். சத்துணவு உண்டு. எடை பார்ப்பார்கள். தடுப்பூசிக்கு வழி சொல்வார்கள். மூன்று வயதுக்கு மேல் பாட்டும் கதையும் சொல்லித் தருவார்கள். அம்மா நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் திட்டம் 2013இல் கர்நாடகத்தில் வந்தது.

2023இல் கர்நாடக அரசு மேலும் சில திட்டங்களைத் தொடங்கியது. சக்தி திட்டத்தில் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிருகலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தார்கள். கிருகஜோதி திட்டத்தில் வீட்டு மின்சாரத்துக்கு 200 யூனிட் வரை ஒரு வரம்போடு கட்டணம் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு இவற்றில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டி வரும்.

கணக்கு நோட்டு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். தினமும் இரவில் அன்றைய செலவை எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். நாம் நினைத்த வீட்டின் நோட்டு ஒரு மாதத்தில் இப்படி இருக்கலாம்.

குழந்தைகளுக்குப் பால், முட்டை: 1,800 ரூபாய்.
வட்டி: 1,000 ரூபாய்.
கடை டீ: 1,200 ரூபாய்.
பீடி: 900 ரூபாய்.
பாக்கெட் தீனி: 300 ரூபாய்.

கடைசி நான்கையும் கூட்டினால் 3,400 ரூபாய். குழந்தைகளின் பால், முட்டைச் செலவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு! எழுதிப் பார்த்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

டீயையும் பீடியையும் பாதியாகக் குறைத்தால் மாதம் 1,050 ரூபாய் மிச்சம். அதை வட்டியோடு சேர்த்து அசலுக்குக் கட்டினால் பத்து மாதத்தில் 10,500 ரூபாய். அந்தக் கடன் தீர்ந்து விடும். பிறகு மாதம் 1,000 ரூபாய் வட்டியும் மிச்சம். அசலில் கழித்த ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதி, கடன் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முன்பு கைநாட்டு வைத்தவர்களைச் சிலர் ஏமாற்றினார்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதல்ல.

கடன் தீர்ந்த பிறகு அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். இந்தத் திட்டம் 2015இல் வந்தது. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலும் போதும்.

சிக்கனம் என்பது வயிற்றைக் கட்டுவது அல்ல. ஓட்டையை அடைப்பது. பானையில் நிற்கும் தண்ணீர் முதலில் குழந்தைக்குப் போய்ச் சேரட்டும்.

கலந்து பேசுங்கள்

1. போன மாதம் உங்கள் வீட்டில் வட்டிக்கு எவ்வளவு போனது?
2. கையில் பணம் குறைந்தபோது எந்தச் செலவை முதலில் குறைத்தீர்கள்? ஏன்?
3. உங்கள் தெருவுக்கு அருகில் அங்கன்வாடி எங்கே இருக்கிறது? உங்கள் குழந்தையின் எடையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?
4. இன்றைய செலவை இன்று இரவே நோட்டில் எழுதுங்கள்.