மிலாறு நெருப்பும் பால்மா டின்னும்

மாசிப் பனியில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஆட்டம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். தப்பு என்னும் தோற்பறையை அடிப்பவர் நடுவிலே ஒதுங்கிப் போவார். காமன் பொட்டலின் ஓரத்தில், கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளைகள்) எரிந்துகொண்டிருக்கும். தப்பை அதற்கு நேரே சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுற்றி, விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘டொப்’ என்றிருந்தது ‘டண்’ என்று ஆனதும் திரும்பி வருவார். கை குளிருக்குத்தான் போகிறார் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். “தோலு தண்ணி குடிச்சிருச்சு தம்பி, அதக் கக்க வைக்கணும்” என்றார் எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர். பிறகு பௌதிகவியல் படித்தபோது அதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு அதை விளக்கவில்லை.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். காற்றில் ஈரம் கூடினால் அந்த நார்கள் நீரை உறிஞ்சி ஊதித் தளரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றரில். மூடுபனி இறங்கும் மாலையில் இங்கே காற்று நீரைச் சுமக்கக்கூடிய எல்லையைத் தொட்டுவிடும். தீயில் காட்டினால் ஈரம் வெளியேறி நார்கள் சுருங்கப் பார்க்கின்றன. ஆனால் தோலின் விளிம்பு மரச்சட்டத்தில் ஒட்டியிருக்கிறது, சுருங்க இடமில்லை. சுருங்க முடியாத அந்த இழுபறிதான் இழுவிசை. சுருதி அதிலிருந்து பிறக்கிறது. இதில் ஒரு கணக்கு உண்டு: சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற வேண்டுமானால் இழுவிசை இரு மடங்கானால் போதாது, நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் ஒருமுறை காட்டிவிட்டு ஓடி வர முடிவதில்லை; பொறுமையாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டு நெருப்புக்குள் நீட்டினாலும் கெட்டுவிடும். ஈரமுள்ள பச்சைத்தோல் 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது கொலாஜனின் கட்டமைப்பே குலைந்து சுருண்டுபோகும். அப்புறம் அது தோல் இல்லை, வற்றல். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்ற அளவு, அடிப்பவரின் புறங்கைக்குத் தெரியும்.

சாவு வீட்டுக் கருவி என்று சொல்லித் தப்பை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் இந்த அறிவையும் சேர்த்தே வெளியே நிறுத்தினார்கள். எனக்கு அதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஆள் எழுப்பியதும் இந்தத் தப்புதான். சி.வி. வேலுப்பிள்ளையின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ நெடுங்கவிதை தப்பொலியோடுதான் தொடங்குகிறது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு அம்மாமார் சுற்றி உட்கார்ந்து ரபானா என்ற பெரிய பறையை அடிக்கும்போது, அதன் அடியிலும் தணல் சட்டி இருக்கும். கடல் தாண்டி கயானாவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன சென்னை மாகாணத்தாரின் வழிவந்தவர்கள், இன்றும் மாரியம்மன் பூசையில் அடிக்கும் பறைக்கு ‘தப்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, தோலும் இல்லை, மிலாறு மூட்டவும் வழியில்லை என்றால்? வீட்டில் ஒரு காலி பால்மா டின் இருக்கும். கடையில் பெட்டி ஒட்டும் அகலமான பிளாஸ்டிக் டேப் கிடைக்கும். டின்னின் வாயில் ஒரு துண்டை இழுத்து ஒட்டுங்கள், அடுத்ததைக் குறுக்கே, அதற்கடுத்ததை மூலைவாட்டில். இப்படி மூன்று நான்கு அடுக்கு. ஒவ்வொரு துண்டையும் எதிரெதிர்ப் பக்கமாக ஒரே பலத்தோடு இழுப்பதுதான் இதில் உள்ள வேலை. ஒருபக்கம் தளர்ந்தால் ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கும். வெடித்த பலூனை நீட்டிக் கட்டினாலும் ஒலி வரும், ஆனால் ரப்பர் அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்வதால் நாதம் சீக்கிரம் செத்துவிடும். என் தெரிவு டேப்தான்.

இப்போது டின்னின் அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு (பெரியவர்கள் செய்து, விளிம்பை மடக்கித் தர வேண்டும்) மறுபடி அடித்துக் கேளுங்கள். ஒலி தாழ்ந்து அகலும். அடி மூடியிருந்தபோது உள்ளே சிக்கிய காற்று ஒரு வில்லுச்சுருள்போல மேலே தள்ளி, இழுவிசைக்குத் துணை போயிருந்தது. திறந்த அடியை உள்ளங்கையால் மூடி மூடி எடுத்தால் அந்த வித்தியாசம் காதிலேயே கேட்கும். தப்பு ஏன் முதுகு திறந்து, சட்டம் ஒடுங்கி இருக்கிறது என்பதும் இங்கே கொஞ்சம் பிடிபடும். முன்னும் பின்னும் புறப்படும் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சும் கூர்மையான வெடிப்பொலி மலையிடுக்குகளைத் தாண்டிப் போகிறது.

அடுத்த சோதனைக்கு ராத்திரி ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவில் நெல்லிக்காய் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பின் நடுவில் தட்டையாக ஒட்டி அடித்தால் சுருதி இறங்கும். எடை கூடினால் அதிர்வு மெதுவாகும். மிருதங்கக்காரர்கள் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப் பசை அப்புவது இதற்காகத்தான். வலப்பக்கத் தோலான வலந்தலையில் இருக்கும் கருப்புச் சோறு அதைவிட நுட்பமான வேலை செய்கிறது. வெறும் வட்டத் தோலில் முதல் அதிர்வு 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒட்டாத விகிதங்களில் வரும். அதனால்தான் சாதாரணப் பறையில் ஸ்வரம் பிடிபடுவதில்லை. கருப்புச் சோறு அவற்றை 2, 3, 4 என்ற முழு எண்களின் பக்கம் இழுத்துவிடுகிறது. 1920இல் சி.வி. ராமன் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். எந்தச் சமன்பாடும் கையில் இல்லாமல் இதைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத கைகளை அவர் வியந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தண்ணீர் லைனில் மிஞ்சிய இரும்புக் குழாய்த்துண்டு இருந்தால் அதையும் விடாதீர்கள். 40 சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்றை இரு முனையிலிருந்தும் 9 சென்ரிமீற்றர் உள்ளே, நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல நின்று ஒலிக்கும். நடுவில் கட்டினால் ஊமையாகிவிடும். அதிரும் குழாயில் அசையாமல் நிற்கும் இரண்டு புள்ளிகள் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத்தில் இருப்பதே காரணம். அதே குழாயில் ஒரு ஸ்தாயி மேலே வேண்டுமா? பாதியாக வெட்டாதீர்கள், இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். 28 சென்ரிமீற்றர் போதும்.

தோட்டத்து மூங்கிலும் தகரமும் ஊரை ஆண்ட சரித்திரம் ஒன்று டிரினிடாட்டில் இருக்கிறது. 1880களில் ஆங்கிலேய அரசு பறைகளுக்குத் தடை போட்டபோது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் மூங்கில் துண்டுகளைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களில் பிஸ்கட் தகரமும் பெயின்ற் டின்னும் வந்தன. அடித்து அடித்துப் பள்ளம் விழுந்த இடங்களில் வெவ்வேறு ஸ்வரம் பேசுவதை அவர்கள் கவனித்தார்கள். அந்தக் கவனிப்பு எண்ணெய்ப் பீப்பாயில் செய்யும் ஸ்டீல்பானாக வளர்ந்து, 1951இல் லண்டன் பிரிட்டன் விழாவில் மேடை ஏறியது.

நம் இஸ்டோரில் (தேயிலை ஆலையில்) அடைத்து அனுப்பிய தேயிலைப் பெட்டிகளுக்கும் இப்படி ஒரு மறுபிறவி கிடைத்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டி. அகன்ற பலகை என்பதால் தாழ்ந்த ஒலியை நன்றாக வெளித்தள்ளும். 1950களில் பிரித்தானியப் பையன்கள் அதைக் கவிழ்த்து, ஒரு தும்புத்தடிக் கம்பும் ஒரு கயிறும் பூட்டி, பாஸ் வாத்தியமாக்கினார்கள். ஜான் லெனன் பீட்டில்சுக்கு முன் நடத்திய குவாரிமென் குழுவிலும் அது இருந்தது. கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தப் பாட்டு கேட்கவில்லை. பிறகு பெட்டிகள் போய்க் கடதாசிச் சாக்குகள் வந்துவிட்டன.

ஒரு மாலை, பனி இறங்கும் நேரத்தில், ஒரு தப்பையும் உங்கள் டேப் டின்னையும் லயத்து வாசல் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரை மணிக்கு ஒருதரம் இரண்டையும் சுண்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்குப் பனி தெரியாது. ‘டண்’ என்றே இருக்கும். தப்பின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிக்கொண்டே போகும். அந்தத் தப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அடுப்படிக்கு அனுப்புங்கள்.